பூஜை அறையில் என் செருப்பு

ஒரு வியாதியைப் பற்றிப் புதிதாகத் தெரிந்துகொண்டவனைவிட ஆபத்தான ஆள் ஊரில் கிடையாது. வியாதிக்காரனால் அவன் வீட்டுக்கு மட்டும்தான் தொல்லை. புதிதாகத் தெரிந்துகொண்டவனால் தெருவுக்கே தொல்லை. நான் இரண்டுமாக இருந்தேன்.

சர்க்கரை எனக்கு ஒன்பது வருடமாக இருக்கிறது. (வெளியில் ஏழு என்றுதான் சொல்வேன். அந்த இரண்டை மறைத்து என்ன சாதித்தேன் என்று எனக்கே தெரியாது.) பத்திரிகை அலுவலகத்தில் துணை ஆசிரியர் வேலை. அடுத்தவர் எழுதியதில் தப்பு கண்டுபிடித்தே முப்பது வருடம் ஓடிவிட்டதால், என் காலைக் குனிந்து பார்க்கத் தோன்றியதில்லை. ஒருநாள் டாக்டர் ஒரு மெல்லிய நைலான் இழையை எடுத்து என் உள்ளங்காலில் அங்கங்கே வைத்து அழுத்தினார். "தெரியுதா?" என்று கேட்டார்.

"நீங்க ஆரம்பிங்க டாக்டர், தெரிஞ்சா சொல்றேன்" என்றேன்.

அவர் ஏற்கெனவே முடித்துவிட்டிருந்தார்.

பயந்திருக்க வேண்டும். எனக்கோ உற்சாகம் தாங்கவில்லை! என் உடம்பிலேயே முதல் பக்கச் செய்தி! அன்று மாலையே ஒரு கைக்கண்ணாடி வாங்கினேன். தினமும் காலையில் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்ப்பது, குதிகாலுக்கு க்ரீம் தடவுவது, விரல் இடுக்கில் தடவாமல் ஈரம் போகத் துடைப்பது, நகத்தை ஓரம் வளைக்காமல் நேராக வெட்டுவது, வெந்நீரின் சூட்டைக் காலை விட்டுப் பார்க்காமல் முழங்கையால் பார்ப்பது என்று அல்சூர் வீட்டில் ஒரு தனி இலாகாவே நடந்தது. அலுவலகத்தில் சக ஊழியர்களை ஷூவைக் கழற்றச் சொன்னேன். இரண்டு பேர் கழற்றினார்கள். மற்றவர்கள் வேறு வரிசைக்கு இடம் மாறினார்கள்.

டாக்டர் சொன்னதில் முக்கியமானது ஒன்று: வீட்டுக்குள்ளேகூட வெறுங்காலில் நடக்கக் கூடாது. எனவே வீட்டுக்குள் போட மட்டும் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கினேன். அது தெரு மண்ணை மிதித்ததே இல்லை. எங்கே போனாலும் அதை ஒரு பையில் போட்டு எடுத்துப் போனேன். பை, ஏதோ கல்யாணத்தில் தாம்பூலத்தோடு கொடுத்த மஞ்சள் துணிப்பை. முன்பக்கம் பிள்ளையார் படம்.

அந்த வாரம்தான் என் மகள் நிவேதாவுக்காக மாப்பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டி வந்தது.

பையன் அருண், அவளோடு வேலை பார்ப்பவன். இருவரும் முடிவு செய்து ஒரு வருடமாகிவிட்டது. அருணின் அப்பா ராமலிங்கம் உடனே சம்மதித்துவிட்டார். அம்மா சரோஜா மட்டும், "பொண்ணு வீட்டுக்காரங்களைப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றிருந்தார். அரசு மருத்துவமனையில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வார்டுக்குள் வந்தால் கட்டிலே நேராக நிற்கும் என்று அருண் சொல்லியிருந்தான். அவர் சரி என்று சொன்னால் கல்யாணம். இல்லையென்றால் பேச்சு அதோடு நின்றுவிடும்.

காரில் போகும்போது மேம்பாலம் முழுக்க நிவேதா எனக்கு வகுப்பெடுத்தாள்.

"அப்பா, பேட்டி எடுக்காதீங்க. யார் காலையும் பார்க்காதீங்க. அவங்க அம்மா பேசும்போது நடுவுல திருத்தாதீங்க."

"அப்போ நான் எதுக்கு வர்றேன்?"

"சிரிக்கறதுக்கு" என்றாள் என் மனைவி வசந்தி.

எலெக்ட்ரானிக் சிட்டி அடுக்ககத்தில் ஏழாவது மாடி. வாசலில் ஷூவைக் கழற்றினேன். வசந்தி கையில் இனிப்பு, பழம் இருந்த பை. என் கையில் பிள்ளையார் பை. குனிந்து பையிலிருந்து செருப்பை எடுப்பதற்குள் கதவு திறந்தது. நெற்றி நிறைய விபூதியோடு ராமலிங்கம் நின்றார்.

"வாங்க வாங்க! சும்னே இதெல்லாம் எதுக்கு?" என்று கன்னடம் கலந்த தமிழில் கேட்டு இரண்டு பைகளையும் வாங்கிக்கொண்டார். வாங்கியவர் என் பையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நேராகப் பூஜை அறைக்குப் போனார். சாமி படங்களுக்குக் கீழே வைத்தார். பிள்ளையார் நெற்றியில் குங்குமம் வைத்து, பையின் மேல் ஒரு கொத்து மல்லிகையும் வைத்தார். விளக்கை ஏற்றிக் கும்பிட்டார்.

நான் வாயைத் திறந்தேன். பேட்டி ஆரம்பிக்கப் போகிறேன் என்று நினைத்து நிவேதா என் முழங்கையை ஒரு கிள்ளு கிள்ளினாள். வாயை மூடிக்கொண்டேன். (கையில் உணர்ச்சி நன்றாகவே இருந்தது.)

இனி என்ன சொல்ல முடியும்? "சார், நீங்க கும்பிட்டது என் செருப்பை" என்று எந்த மரியாதைச் சொல்லைச் சேர்த்துச் சொல்வது? ஒரு மணி நேரம்தானே, வெறுங்காலில் சமாளிக்கலாம் என்று முடிவு செய்தேன்.

ராமலிங்கம் என்னைப் பால்கனிக்கு அழைத்துப் போய்ச் செடிகளைக் காட்டினார். ரோஜாத் தொட்டி ஒன்று காற்றில் விழுந்து உடைந்துவிட்டதாம். "ஆய்த்து, காலையிலேயே பெருக்கியாச்சு" என்றார். நான் தொட்டிகளைச் சுற்றி வந்து எல்லாச் செடிக்கும் பெயர் கேட்டேன். பிறகு உள்ளே வந்து, சோபாவைச் சுற்றிப் போய் உட்கார்ந்தேன். சரோஜா அம்மா காபி கொடுத்தார். வசந்தியோடு இரண்டொரு வார்த்தை சிரித்தும் பேசினார். நிலைமை சாதகம்.

அப்போதுதான் பார்த்தேன். வெள்ளைத் தரையில் ஒரு சிவப்புச் சொட்டு. ஓரடி தள்ளி இன்னொன்று. அதற்கப்பால் இன்னொன்று.

முப்பது வருடப் பத்திரிகை ரத்தம் பொங்கியது. எழுந்து நின்றேன்.

"யாரும் நகராதீங்க! இங்க யாருக்கோ காலில் காயம்!"

"அப்பா..." என்றாள் நிவேதா.

"இரும்மா. எல்லாச் சொட்டும் ஒரே பக்கமா இருக்கு. அதனால ஒரு காலில்தான் அடி. ஆரம்பம் பால்கனி." ராமலிங்கத்திடம் திரும்பினேன். "சார், நீங்கதான் பால்கனியில இருந்தீங்க. காலைக் காட்டுங்க."

பாவம், மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று காட்டினார். சுத்தம். அருணைக் காட்டச் சொன்னேன். சுத்தம். "இப்படித்தாங்க, கவனிக்காம விட்டுடுவோம்" என்று ஆரம்பித்து, அலட்சியத்தால் சின்னக் காயம் எப்படிப் புண்ணாகும், புண் எப்படி விரலையே கேட்கும் என்று ஓய்வு பெற்ற தலைமை நர்ஸுக்கு ஐந்து நிமிடம் விளக்கினேன். விளக்கிக்கொண்டே தடத்தைத் தொடர்ந்தேன். அது சோபாவைச் சுற்றியது. டீப்பாயைத் தாண்டியது. நான் நடக்க நடக்க எனக்குப் பின்னாலும் புதிதாகச் சொட்டு விழுவதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க," என்றாள் வசந்தி, மிக மெதுவாக. "உங்க காலைத் தூக்குங்க."

தூக்கினேன். வலது கட்டைவிரலுக்குக் கீழே தொட்டிச் சில்லு ஒன்று, தன் சொந்த இடம் போல உட்கார்ந்திருந்தது.

சரோஜா அம்மா என்னை உட்கார வைத்து, காலைத் தன் முட்டியில் தூக்கி வைத்துக்கொண்டார். சில்லை எடுத்தார், கழுவினார், சுத்தமான துணியை வைத்து அழுத்தினார். பிறகு நிமிர்ந்தார்.

"சுகரா?"

"ஆமா."

"எத்தனை வருஷம்?"

"ஏழு."

"ஒன்பது" என்றாள் வசந்தி.

"குத்தினப்ப வலிக்கலை?"

"இல்லைங்க."

"வீட்டுக்குள்ளயும் செருப்புப் போடணும்னு யாரும் சொல்லலையா?"

"சொன்னாங்க. வாங்கிட்டேன்."

"வாங்கி? எங்க அது?"

நான் நிவேதாவைப் பார்த்தேன். அவளுக்குப் பை நினைவுக்கு வந்துவிட்டது. முகம் வெளுத்தது.

"உங்க பூஜை ரூம்ல" என்றேன்.

ராமலிங்கம் எழுந்து போனார். திரும்பி வந்தபோது ஒரு கையில் குங்குமம் வைத்த பை, இன்னொரு கையில் நீல ரப்பர் செருப்பு ஒரு ஜோடி. அதைப் பிரசாதம் போலவே இன்னும் ஏந்திப் பிடித்திருந்தார்.

"போட்டுக்கச் சொல்லுங்க" என்றார் சரோஜா அம்மா. "கார் சாவியை எடு அருண். டாக்டர் பார்க்கணும், இப்பவே."

காரில் நிவேதா ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் தோள் ஒருமுறை குலுங்கியது. ஒரு வருடமாக அவள் கட்டிவைத்ததை நான் ஒரு பிற்பகலில், அதுவும் இரண்டு உள்ளங்காலைச் சோதித்து, கலைத்துவிட்டேன்.

கிளினிக்கில் புண்ணைச் சுத்தம் செய்து, கட்டுப் போட்டு, டெட்டனஸ் ஊசி போட்டார்கள். ("வலிக்குதா?" என்றார்கள். "கைல குத்தினா வலிக்கும்" என்றேன்.) வெளியே சீட்டு எழுதும் பெண், சரோஜா அம்மாவிடம் கேட்டாள்.

"பேஷன்ட்டுக்கு நீங்க என்ன வேணும் மேடம்?"

சரோஜா அம்மா என்னைப் பார்த்தார். என் கட்டைப் பார்த்தார். நீலச் செருப்பைப் பார்த்தார்.

"சம்பந்தி" என்றார்.

நிவேதா அங்கேயே அழுதுவிட்டாள். அருண் அவள் கையைப் பிடித்தான். எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. கட்டுப் போட்ட காலைக் காட்டி சரோஜா அம்மா முறைத்ததால் குதிக்கவில்லை.

"என் சர்வீஸ்ல எத்தனையோ பேருக்கு வீட்டுக்குள்ள செருப்புப் போடுங்கன்னு சொல்லியிருக்கேன்" என்றார். "தலையாட்டிட்டுப் போயிடுவாங்க. கையிலேயே தூக்கிட்டு வந்த முதல் ஆள் நீங்கதான். வாயைத் திறந்து சொல்லியிருந்தா நானே எடுத்துக் கொடுத்திருப்பேன்ல? சாமியா போடப் போகுது?"

நான்கு மாதத்தில் கல்யாணம். மேடையில் பெண்ணின் பெற்றோர் மாப்பிள்ளைக்குப் பாதபூஜை செய்யும் நேரம். தாம்பாளத்தில் அருணின் கால்களை வசந்தி நீர் விட்டுக் கழுவ, துண்டை என் கையில் கொடுத்தார்கள். நான் துடைத்தேன். சத்தியமாகத் துடைக்க மட்டும்தான் நினைத்தேன். தினசரிப் பழக்கம், கை தானாக விரல் இடுக்கு ஒவ்வொன்றாகப் போய்விட்டது. அருணுக்குக் கூச்சம் தாங்காமல் மாலை குலுங்கியது. முகூர்த்த நேரம் போகிறது என்று புரோகிதர் பதறினார். நானோ காலைத் தூக்கி, உள்ளங்காலைத் திருப்பி, விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, "ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கு" என்றேன். மைக் பக்கத்தில் இருந்தது.

பின்னாலிருந்து சரோஜா அம்மாவின் குரல் வந்தது: "இடது காலையும் பாருங்க சம்பந்தி!"

அந்த வீடியோ துண்டு இன்றும் அருணின் போனில் இருக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் காபிக்கு முன்னால் அதைத்தான் காட்டுவான். காட்டிவிட்டு, பெருமையாகவே சொல்வான்: "எங்க மாமனார் ஜாதகம் பார்க்கலை. பாதம் பார்த்துட்டுத்தான் பொண்ணு கொடுத்தார்."