சாபம் கேட்கப் போன வியங்கோள் மாஸ்டர்

பதுளையில் திட்டு வாங்குவதற்கென்றே பஸ் ஏறிப் போன ஒரே மனிதர் எங்கள் வியங்கோள் மாஸ்டர்தான்.

என்னோடு ஒரே பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறார். வீட்டில் பேசுவது தெலுங்கு. நமுனுகுல பக்கத் தேயிலைத் தோட்டங்களில் அப்படிச் சில குடும்பங்கள் உண்டு. ஒருமுறை பக்கத்து ஊரான எல்லவில், ஆந்திராவிலிருந்து சுற்றுலா வந்த பெரியவர் ஒருவரிடம் ஆசையாகத் தெலுங்கில் பேசப் போனார். அவர் சிரித்துவிட்டு, இது இலக்கணமே இல்லாத தெலுங்கு என்றாராம்.

மறுநாள் ஆசிரியர் அறையில் கொதித்தார்.

"இலக்கணம் இல்லாமத்தான் எங்கம்மா என்னையத் திட்டி வளத்தாங்களா? சொல்லுங்க டீச்சர்!"

அன்றே தொடங்கிவிட்டார். லயத்துத் தெலுங்குக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் பேசும் தெலுங்குக்கு, ஓர் இலக்கணம். தமிழ் எழுத்தில், யாரும் வாசிக்கக்கூடிய எளிய உரைநடையில். எல்லாம் கிடைத்தது, வியங்கோள் மட்டும் கிடைக்கவில்லை. 'வாழ்க', 'ஒழிக' என்கிறோமே, அந்த வினை. வாழ்த்தச் சொன்னால் எல்லாரும் வெட்கப்பட்டார்கள். ஆகவே, சாபத்திலாவது அது வந்து விழும் என்று, சண்டை நடக்கும் லயங்களைத் தேடிக் கிளம்பினார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிர்ஷ்டம் அடித்தது. ரமணம்மாவும் அவருடைய அண்ணி அச்சம்மாவும் ஒரு கோழிக்காகக் குழாயடியில் மோதிக்கொண்டிருந்தார்கள். அச்சம்மா கையை நீட்டி, "நீ நோரு படிப்போனு!" என்றார். உன் வாய் விழுந்துபோக என்று அர்த்தம்.

மாஸ்டர் துள்ளிக் குதித்து நடுவில் போய் போனை நீட்டினார்.

"வியங்கோள்! அக்கா, அத இன்னொருக்கா சொல்லுங்க. கடைசி எழுத்து காத்துல போயிருச்சு!"

அச்சம்மா திகைத்துப்போய், பள்ளிப் பிள்ளை மாதிரிச் சொன்னார்.

"இப்பிடி இல்லக்கா. மொதல்ல இருந்த அந்த வேகம் வேணும்."

ரமணம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "அவங்களுக்குச் சாபம் போடவே தெரியாது மாஸ்டர். எங்கம்மா போடுவாங்க பாருங்க..." என்று மூன்றை எடுத்துவிட்டார்.

அச்சம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, அத்தை அப்பிடியேதான் சொல்லும்!"

பிறகு இருவரும் அருகருகே உட்கார்ந்து, பொழுது சாயும்வரை சாபங்களை ஞாபகப்படுத்திச் சிரித்தார்கள். கோழியை யாரும் தேடவில்லை.

போன மாதம் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் புத்தகம் வெளியானது. மாஸ்டர் எடுத்துக்காட்டுகளை வாசிக்க வாசிக்க, சபை ஒவ்வொரு சாபத்துக்கும் கைதட்டியது. தெலுங்கு தெரியாத பிரதம விருந்தினர் மட்டும் ஏதோ மந்திரம் என்று கண்மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பும் பஸ்ஸில் விழாவுக்கு வந்த பிள்ளைகளும் ஏறினார்கள். வெளியாட்களைக் கண்டால் உடனே தமிழுக்குத் தாவிவிடுகிறவர்கள், அன்று தெலுங்கிலேயே கத்திக்கொண்டு வந்தார்கள். மாஸ்டர் ஜன்னலில் சாய்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் இறங்கவேண்டிய இடம் தாண்டிப் போனது.

எனக்குச் சொல்ல மனசு வரவில்லை.