கன்ட்ரோல் பாயும் உப்பு டீயும்

காரைக்குடியில் மொத்தம் எத்தனை சந்தேகங்கள் உண்டோ, அதில் பாதி எங்கள் கன்ட்ரோல் பாய்க்குச் சொந்தம். மீதிப் பாதி, அவர் மற்றவர்களுக்குக் கிளப்பிவிட்டது.

நானும் அவரும் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியில் லேப் டெக்னீஷியன்கள். ரத்தத்தின் குரூப் பார்க்க ரீஏஜென்ட் என்று ஒரு சொட்டு மருந்து சின்னப் பாட்டிலில் வரும். ஏ குரூப்புக்கான நீல மருந்து ஏ ரத்தத்தில் விழுந்தால் பால் திரிந்த மாதிரி கட்டி கட்டியாகச் சேர வேண்டும். ஓ ரத்தத்தில் விழுந்தால் பேசாமல் இருக்க வேண்டும். மருந்து ஒழுங்காக இருக்கிறதா என்று, குரூப் தெரிந்த ரத்தத்தில் விட்டுப் பார்ப்பதற்குப் பெயர் ‘கன்ட்ரோல்’. எங்களுக்கு அது காலை வேலை. பாய்க்கு நாள் முழுக்க அதே வேலை.

டார்ச் வாங்கப் போனால் முதலில் செத்த பேட்டரியைப் போடச் சொல்வார். எரியவில்லை என்று உறுதியான பிறகுதான் நல்ல பேட்டரி. கடைக்காரர் ஒருநாள் பொறுமையிழந்து, "இது எரியாதுன்னு எனக்கே தெரியும் பாய்" என்றார்.

"உங்களுக்குத் தெரியும். டார்ச்சுக்குத் தெரியணும்ல."

பாயின் மகளைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் கோட்டையூரிலிருந்து வந்தார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார். மாப்பிள்ளையின் தாயார் வாசல்படியிலேயே ஆரம்பித்து வீடு, விரிப்பு, ஜன்னல் கம்பி என்று கண்ணில் பட்டதையெல்லாம் புகழ்ந்துகொண்டே வந்தார். பாயின் முகம் சுருங்கியது. எல்லா ரத்தத்தோடும் சேர்கிற மருந்து எதற்கும் உதவாது என்று என் காதில் சொல்லிவிட்டு அடுக்களைப் பக்கம் போனார். வந்த டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பு.

தாயார் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, இப்படி ஒரு டீயைக் குடித்ததே இல்லை என்றார். அது சத்தியம். மாப்பிள்ளை மட்டும் கப்பைக் கீழே வைத்து, தலை நிமிராமல், "உப்புக் கரிக்குது மாமா" என்றார்.

பாய் எழுந்துபோய் அவரைக் கட்டிக்கொண்டார். திரைக்குப் பின்னாலிருந்து மகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. அதுவரை பாய்க்கு வீட்டில் உப்பு டீதான் கிடைத்தது என்று கேள்வி.

இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த எனக்கும் ஒரு நாள் வந்தது. பிரசவத்தில் என் மனைவிக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ரத்தம் கேட்டார்கள். மருந்துப் பாட்டிலை நான் எடுக்கப்போக, பாய் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நீங்க அங்குட்டு உக்காருங்க. இத நான் பாத்துக்கிறேன்."

பழைய மருந்து தீர்ந்து, அப்போதுதான் புதுப் பெட்டியைப் பிரித்திருந்தோம். பாய் முதலில் அதை ஓ ரத்தத்தில் விட்டார். பேசாமல் இருக்க வேண்டியது பொடிப்பொடியாகச் சேர்ந்தது. பெட்டியை அப்படியே ஒதுக்கிவிட்டு, வேறு பேட்ச் பாட்டிலை எடுத்து முதலிலிருந்து ஆரம்பித்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. எனக்கு அவரை அடித்துவிடலாம் போல இருந்தது. ரத்தம் பொருந்துகிறது என்று உறுதியானதும் பையைத் தூக்கிக்கொண்டு, லிஃப்டை நம்பாமல், அந்தத் தொப்பையோடு மாடிப்படி முழுக்க ஓடினார். என்னால் அவரைப் பிடிக்க முடியவில்லை.

பெண் குழந்தை. நர்ஸ் வெளியே வந்து, தாயும் பிள்ளையும் நன்றாக இருப்பதாகச் சொன்னார். பாய் சுவரைப் பிடித்து மூச்சு வாங்கியபடி, "இன்னொரு தடவை சொல்லும்மா" என்றார்.

நர்ஸ் இன்னொரு தடவை சொன்ன பிறகுதான் நாங்கள் இருவரும் அழுதோம்.