அளவுகோல்படி அரை மணி நேரம்

"எந்த ஏர்போர்ட்ல நிக்கறீங்க?" என்றாள் மனைவி போனில்.

"வடக்கு ஏர்போர்ட்லதான். இன்னும் பிளைட் வரலையே?"

"அப்பா தெற்கு ஏர்போர்ட்ல இறங்கி அரை மணி நேரமாச்சு. டிக்கெட் போட்டது நீங்கதானே?"

வரைபட அலுவலகத்தில் படம் போடுகிற அந்தக் கணவருக்கு வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மாமனார் லேசுப்பட்ட ஆள் இல்லை. "கோடு போடறவனெல்லாம் ஒரு மாப்பிள்ளையா?" என்று கல்யாணத்தில் நாலு பேர் எதிரே கேட்டவர். அதோடு நாலு வருஷமாக வீட்டுப் பக்கமே வரவில்லை. பேத்தி பிறந்த பிறகு, 'மாப்பிள்ளையே ஏர்போர்ட்டுக்கு வந்து கூட்டிட்டுப் போனாதான் வருவேன்' என்ற நிபந்தனையோடு இப்போதுதான் விமானம் ஏறியிருந்தார்.

"பதறாதே. ரெண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவுல முப்பத்தோரு கிலோமீட்டர். மேப்புல அளவுகோல் வச்சே பார்த்துட்டேன். அரை மணியில வந்துடுவேன்னு அப்பாகிட்ட சொல்லு."

"நீங்களே சொல்லுங்களேன்."

"நீயே சொல்லிடும்மா." மாமனாருக்கு நேரே போன் போடும் தைரியம் அவருக்கு இல்லை.

அளவுகோல் பொய் சொல்லவில்லை. நடுவில் ஒரு மலை நிற்பதைத்தான் சொல்லாமல் விட்டுவிட்டது. காக்கைக்கு முப்பத்தோரு கிலோமீட்டர். காருக்கு நூற்று நாற்பது. கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி, மூன்று மணி நேரம் கழித்துத் தெற்கு விமான நிலையம் போய்ச் சேர்ந்தார். ஒரே ஒரு கூடம், பன்னிரண்டு நாற்காலி, கதவோரம் தூங்கும் நாய். மாமனாரைக் காணோம்.

"மாப்பிள்ளைக்கு எதுக்குச் சிரமம்னு அப்பாவே டாக்சி பிடிச்சு வடக்கு ஏர்போர்ட்டுக்கு போயிட்டாராம்" என்றாள் மனைவி போனில். "அங்க உங்களைக் காணோமாம்."

"ஐயோ! ஒரு அடி நகர வேண்டாம்னு சொல்லு. இதோ கிளம்பிட்டேன்!"

"இந்தத் தடவை எத்தனை அரை மணி?"

போனை வைத்துவிட்டு வண்டியைத் திருப்பினார். வழி நெடுக மன்னிப்பு வசனத்தை ஒத்திகை பார்த்தார். 'மாமா, தப்பு என் மேலதான்...' என்று தொடங்கும்போதெல்லாம் ஒரு லாரி குறுக்கே வந்தது. பாதி மலையில் எதிரே ஒரு டாக்சி கடந்தது. பின் சீட்டில் யாரோ செருப்பைத் தேடுவதுபோல் குனிந்திருந்தார்கள்.

வடக்கு விமான நிலையத்துக்கு வந்து சேர்ந்தபோது மதியம் ஒன்றரை. கூடம் காலி. தரை பெருக்கும் அம்மாள் மட்டும் இருந்தாள்.

"பெரிய மீசை வச்ச ஒருத்தர்..."

"அந்தப் பெரியவரா? தெற்குக்குக் கிளம்பிப் போயிட்டாரே."

மாப்பிள்ளை நாற்காலியில் தொப்பென்று விழுந்தார். "அங்கேயே நில்லுங்கன்னு போன் பண்ணிச் சொன்னோமேம்மா! என் மேல இன்னும் அவ்வளவு கோபமா அவருக்கு?"

அந்த அம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

"கோபமா? நீங்க வர்றீங்கன்னு போன் வந்ததும் மனுஷர் பயந்தே போயிட்டார் சார். 'அன்னிக்கு அப்படிப் பேசிட்டு இப்ப எந்த மூஞ்சியோட மாப்பிள்ளை எதிர்ல நிப்பேன்'னு புலம்பிக்கிட்டே ஓடிப்போய் டாக்சியில ஏறிட்டார்!"