அத்தாவின் சாணும் என் சாணும்

அன்புள்ள மெஹபூப் பீ மாமிக்கு,

செஞ்சியிலிருந்து உங்கள் தம்பி மகள் அலீனா ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே நாங்களும் தையல் கடையும் நலம். உங்கள் முட்டிவலி குறைய துஆ செய்கிறேன். போனில் பேசினால் அத்தா பக்கத்திலேயே நிற்பார், அதனால்தான் கடிதம்.

ஆகஸ்ட் பதினைந்து அன்று கோட்டை அடிவாரத்தில் ஒருவர் காலனிய நீக்கம் பற்றிப் பேசினாராம். வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போனால் போதாது, நம் தலையை விட்டும் போகவேண்டுமாம். அதைக் கேட்ட அத்தா நேராகக் கடைக்கு வந்து இஞ்ச் டேப்பை நறுக்கிக் குப்பையில் போட்டார். எதிர்க்கடை கிருஷ்ணமூர்த்தி மாமா, "சென்டிமீட்டர் இருக்குதே பாய்" என்றார். "அது பிரெஞ்சுக்காரனுது. அவனும் நம்ம கோட்டையில கொடி ஏத்துனவன்தான்." "அப்ப இன்னாத்துல அளப்ப?" அத்தா கையை விரித்துக் காட்டினார். சாண்!

முதல் சட்டையே அந்த மாமாவுக்குத்தான், மகள் வித்யாஸ்ரீ நிச்சயதார்த்தத்துக்கு. மார்பு ஐந்து சாண் என்று அத்தா அளந்து நோட்டில் எழுதிவிட்டு, டீக்கடையில் சுதந்திரம் பேசப் போய்விட்டார். படிப்பு ஒன்பதாவதோடு நின்றதிலிருந்து எனக்குக் காஜா எடுப்பதும் பட்டன் தைப்பதும்தான், கத்தரியைத் தொட விடமாட்டார். விடிந்தால் நிச்சயம், ஆளைக் காணோம், எனக்கோ கை பரபரன்னு இருந்துச்சு, நோட்டைப் பார்த்து என் சாணால அளந்து வெட்டித் தச்சே முடிச்சுட்டேன் மாமி. மாமா போட்டுப் பார்த்தாரு. கழுத்துப் பட்டன் மட்டும் இழுத்துப் பிடிச்சதுல பூட்டுச்சு, கீழ நாலு விரல் இடைவெளி, முழுக்கை பாதியில நின்னுடுச்சு.

"யாரு வெட்டுனது?"ன்னு அத்தா கத்துனாரு. கடையில நாலு பேரு. "நான்தான் அத்தா. உங்க சாண் பெருசு, என் சாண் சின்னது. அளக்குற கைதான வெட்டணும்?"னுட்டேன். மாமா சிரிச்ச சிரிப்புல பூட்டியிருந்த ஒரே பட்டனும் தெறிச்சுடுச்சு. "பாய், வெள்ளைக்காரன்கிட்ட புடுங்குன சுதந்திரத்த நீயே வச்சிக்கினா எப்டி? கத்தரிய பொண்ணுகிட்ட குடு. வித்யாஸ்ரீ கல்யாண ஜாக்கெட்ட இவளே அளந்து இவளே வெட்டட்டும்."

மீந்த துணியில் இரண்டு பக்கமும் பட்டி வைத்து, அரைக்கை ஆக்கிக் கொடுத்தேன். காத்தோட்டமா இருக்குதாம். காலையில் கத்தரி என் மிஷின் மேல் இருந்தது.

ஆகவே மாமி, எங்கள் கடையில் இனி இஞ்ச் என்ற பேச்சே கிடையாது. யாசர் மச்சானுக்கு ஸலாம். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும்.

உங்கள்
அலீனா

பி.கு.: வரும்போது ஓர் இஞ்ச் டேப் வாங்கி வாருங்கள். கல்யாண ஜாக்கெட்டைச் சாணில் வெட்ட எனக்குத் தைரியமில்லை. அத்தாவுக்குத் தெரிய வேண்டாம். நேற்று அவரும் போனில் உங்களிடம் ரகசியமாக ஒன்று கேட்டார், என் காதில் விழுந்தது. இரண்டு வேண்டாம், ஒன்று போதும். அதை என் கையில் கொடுங்கள்.