உலர்பழ உபதேசியார்

மனிதர்களில் உலர்பழ உபதேசியார் என்று ஒரு வகை உண்டு. பார்க்க வேண்டுமா? சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு சாத்துக்குடியை உரிக்கத் தொடங்குங்கள். முன்னிருக்கையிலிருந்து ஒரு தலை திரும்பும். உங்களையும் சாத்துக்குடியையும் பரிதாபமாகப் பார்க்கும்.

"இதுல இன்னா கீது? எல்லாம் தண்ணி."

சொல்லிவிட்டுச் சட்டைப் பைக்குள் கைவிடுவார். மற்றவர்கள் பேனா வைக்கும் இடத்தில் அவர் பேரீச்சை வைத்திருப்பார். அடியில் கிஸ்மிஸ். இன்னொரு பையில், தோல் சுருங்கி எந்தப் பழம் என்று அடையாளம் தெரியாத ஏதோ ஒன்று. நாம் மறுத்தால் வருத்தப்படுவார், வாங்கிக்கொண்டால் விளக்கம் சொல்வார். வருத்தமே மேல்.

அவருடைய சித்தாந்தம் ஒரே வரிதான்: தண்ணீர் போகும், சத்து தங்கும். அநியாயத்துக்கு இதில் பாதி உண்மை. பழம் காய்ந்தாலும் நார்ச்சத்து இருக்கிறது, இரும்பும் பொட்டாசியமும் எங்கேயும் போய்விடுவதில்லை. ஆனால் சர்க்கரை மட்டும் கிளம்பிவிடுமா என்ன? அதுவும் அங்கேயே சின்ன இடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறது. உண்மையில் கிளம்பிப் போவது வைட்டமின் சி; வெயிலும் சூடும் பட்டதும் பெரும்பகுதி சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். திராட்சைக் கொத்தைப் பிய்த்துத் தின்கிறவர் பாதியிலேயே வயிறு நிறைந்து நிறுத்திவிடுவார். அதே கொத்து காய்ந்து ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிட்டால், பேச்சு சுவாரசியத்தில் இரண்டு வாயில் போய்விடும். வயிற்றுக்குத் தெரியாது. ரத்தத்துக்குத் தெரியும்.

இதையெல்லாம் உபதேசியாரிடம் சொல்லிப் பாருங்களேன்! கேட்டால்தானே?

சித்தூர்ப் பக்கம் மாம்பழக் காலம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாலையெல்லாம் டிராக்டர்கள் வரிசைகட்டி நிற்க, ஊரே இனிப்பாக நாறும். அந்தக் காலத்தில்கூட இவர் நறுக்கிய பங்கனபள்ளித் துண்டைக் கையால் தள்ளிவிட்டு, மாம்பழச் சாற்றை வெயிலில் காயவைத்துச் செய்த மாமிடி தாண்ட்ரா இருக்கிறதா என்று கேட்பார். திருமலையிலிருந்து யாராவது லட்டு கொண்டுவந்தால் இவருடைய தியாகம் உச்சத்துக்குப் போகும். "சக்கரை ஒடம்பு, வேணாம்" என்பார். பிரசாதத்தை மறுப்பது பாவம் என்றும் உடனே நினைவுக்கு வரும். ஆகவே லட்டைத் தொடாமல், அதிலிருக்கும் திராட்சையை மட்டும் நகத்தால் நெம்பி எடுத்துக்கொள்வார். பாகிலும் நெய்யிலும் ஊறினாலும் அது பழம்தானே! அவர் எழுந்து போனபின் லட்டைப் பார்த்தால் எலி வந்து போனதா என்று சந்தேகம் வரும்.

ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்கப் போனால் கட்டிலருகே இருக்கும் ஆப்பிளை இகழாமல் திரும்பமாட்டார். இழவு வீட்டையும் விடமாட்டார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எதுவும் தொண்டையில் இறங்காத அந்த நாட்களில், சாப்பிடு சாப்பிடு என்று எல்லோரும் சொல்லிவிட்டுப் போனபின், சத்தமில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து உள்ளங்கையில் கொட்டை நீக்கிய ஒரு பேரீச்சையை வைத்துவிட்டுப் போகிறவரும் இவர்தான். அது மட்டும் எப்படியோ இறங்கிவிடும். அதற்காக அவரை மன்னித்துவிடலாம் என்று நினைத்திருப்போம். அதற்குள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே யாரிடமோ அத்திப்பழத்தின் மகிமையைத் தொடங்கிவிடுவார்.

இந்த இனத்தின் முழு மாதிரி ஒருவரை எனக்குத் தெரியும். நகரியில் பவர்லூம் வைத்திருக்கும் நாகபூஷணம். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. தறியில் ஓர் இழை அறுந்தால் உடனே கண்ணில் பட வேண்டும், இல்லாவிட்டால் சேலை நெடுக ஒரு கோடு விழுந்துவிடும். அவருக்கு இழை எங்கே, தறியே பனிமூட்டத்தில்தான் தெரிந்தது. கோடு விழுந்த சேலைகள் திரும்பி வர ஆரம்பித்தன. கண் சரியாகாவிட்டால் தறிகளை விற்றுவிட வேண்டியதுதான் என்று மகள் சந்தியா சொல்லிவிட்டாள். திருப்பதி கண் டாக்டரோ, சர்க்கரை இறங்கினால்தான் ஆபரேஷன் என்றார்.

மனைவி பச்சையம்மாள் சோற்றைக் குறைத்தார், காபியில் சர்க்கரையை நிறுத்தினார், மாம்பழத்தை வீட்டுக்குள்ளேயே விடவில்லை. சர்க்கரை இறங்கவில்லை. ஒருநாள் புருஷனை மடக்கினார்.

"சந்தியா நைனா, இன்னாத்த மென்னுகினு கீற?"

"ஒண்ணுமில்ல. மருந்து."

"மருந்த எவன்யா நாள் முழுக்க மெல்லுவான்?"

மூன்றாம் தடவை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சீக்கிரமே போயும் கூடத்தில் நீண்ட வரிசை. ஒரு பக்கம் முழுக்கப் புரை விழுந்த கண்கள், எல்லோருக்கும் கொஞ்சமாவது சர்க்கரை, எழுந்து ஓட வழியில்லாத கூட்டம். ஓர் உபதேசியாருக்கு இதைவிட என்ன வேண்டும்? பச்சையம்மாள் சீட்டு வாங்க நகர்ந்ததும் நாகபூஷணம் பொட்டலத்தைப் பிரித்தார். தண்ணீர் போவதையும் சத்து தங்குவதையும் சொல்லிக்கொண்டே வரிசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கிஸ்மிஸ் வழங்கினார். பசியில் உட்கார்ந்திருந்தவர்கள் பக்தியோடு வாங்கி மென்றார்கள். சிலர் இரண்டாம் முறையும் கை நீட்டினார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து நர்ஸ் வந்து ஒவ்வொருவர் விரலாகக் குத்திப் பார்த்தாள். முதல் ஆளுக்குச் சர்க்கரை அதிகம். அடுத்தவருக்கும் அதிகம். மெஷினைத் தட்டிப் பார்த்தாள். வேறு மெஷின் கொண்டுவந்தாள். அதுவும் அதையே சொன்னது.

"எவரு ஸ்வீட் இச்சாரு? யாரு குடுத்தது? நிஜம் சொல்லுங்க!"

"ஸ்வீட்டா? சத்தியமா துன்னலம்மா" என்றது வரிசை, ஒரே குரலில். "பழந்தான் துன்னோம்."

"ஏ பழம்? எந்தப் பழம்?"

எல்லா விரல்களும் ஒரே திசையில் நீண்டன. பார்வை மங்கியவர்கள்கூடக் குறி தவறவில்லை.

அன்று ஆபரேஷன் யாருக்கும் இல்லை. கங்காதர நெல்லூரிலிருந்து வந்திருந்த சென்னம்மா நாகபூஷணத்தின் எதிரில் வந்து இடுப்பில் கைவைத்து நின்றார். "யோவ், எம்புள்ளைக்குக் கல்யாணம். வர்ற பொண்ணு மூஞ்சியத் தெளிவாப் பாக்கணும்னு வந்தேன். உன் மூஞ்சியப் பாத்ததுதான் மிச்சம். அதுவும் மங்கலா!"

நாகபூஷணம் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டார். அதில் இன்னும் கொஞ்சம் கிஸ்மிஸ் இருந்தது.

அன்றிலிருந்து பச்சையம்மாள் அவர் சட்டைப் பைகளைத் தைத்தே மூடிவிட்டார். சர்க்கரை இறங்கியது. ஆபரேஷனும் நடந்தது. கட்டவிழ்த்துச் சில நாளில் தறிக்கூடத்துக்குள் நுழைந்த மனிதர், கோடியிலிருந்த தறியில் அறுந்து தொங்கிய இழையை வாசலிலிருந்தே பார்த்து "நிறுத்து!" என்று கத்தினார். சந்தியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. விற்பதாக இருந்த தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் வந்த பார்வை சும்மா இருக்குமா? வீட்டுக்கு யாரோ கொண்டுவந்த உலர்ந்த அன்னாசிப் பொட்டலத்தின் பின்பக்கத்தை, வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் படித்தார். பொடி எழுத்தில் இருந்தது: சேர்த்த சர்க்கரை, நிறம் மங்காமலிருக்கக் கந்தகச் சேர்மானம், வைட்டமின் சி பூஜ்யம். இவ்வளவு நாள் ஊருக்கெல்லாம் எதைப் பரிந்துரைத்தோம் என்று அவர் யோசித்திருப்பார், வெட்கப்பட்டிருப்பார், இனிமேல் அடங்கிவிடுவார் என்றுதானே நினைக்கிறீர்கள்?

மறுநாள் நகரி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். பேரீச்சை தின்றுகொண்டிருந்த ஒரு பெரியவரை மடக்கிவைத்திருந்தார். "கீழ போடுங்க மொதல்ல! அத்தனையும் சக்கரை! வைட்டமின் சி போயிருச்சி, தெரியுமா ஒங்களுக்கு?" பாவம், அது வெறும் பேரீச்சை. ஒன்றோ இரண்டோ தின்றால் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

ஆகவே இந்த இனம் அழியாது. கட்சி மாறும், அவ்வளவுதான். புதிதாக ஓர் அரைத் தகவல் கிடைத்தால் போதும், தழைத்துவிடும். அப்படி ஓர் அரைத் தகவல் இப்போது உங்களிடமும் இருக்கிறது, இல்லையா? வைட்டமின் சி பற்றிப் படித்ததுமே, இதை முதலில் யாரிடம் சொல்வது என்று உங்கள் மனசுக்குள் ஒரு முகம் வந்துபோனதே. பாவம், அந்த மனிதர். அவராவது நிம்மதியாகச் சாப்பிடட்டும், விட்டுவிடுங்கள்.