அரை மணி நேரக் கேமரா

அன்று காலையில் மூன்றாவது தடவையாகப் புதுக் கேமரா தானாகவே அணைந்தது.

"அப்பா, தொட்டுப் பாருங்க. அடுப்புல வெச்சு எடுத்த மாதிரி சுடுது," என்றாள் மகள். தலையில் அட்டையில் செய்த தொப்பி. மாலையில் பள்ளி ஆண்டு விழா. நாடகத்தில் அவள்தான் கப்பல் கேப்டன்.

வீடியோக்காரர் தொட்டுப் பார்த்தார். விரலை உடனே எடுத்து ஊதிக்கொண்டார். பதினைந்து வருஷம் கல்யாணம், கருத்தரங்கு, கட்டடத் திறப்பு விழா என்று எல்லாவற்றையும் ஒரே வீடியோ கேமராவைத் தோளில் சுமந்து எடுத்தவர். அது பார்க்கப் பெட்டி மாதிரி இருக்கும். ஆனால் ஒரு தடவை பொத்தானை அழுத்தினால், மறுபடி அழுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். சொல்லாமல் நின்றதே இல்லை. அதைத்தான் போன வாரம் கடையில் கொடுத்துவிட்டு, போட்டோவும் வீடியோவும் எடுக்கிற, யாரோ பயன்படுத்திய இந்த மிரர்லெஸ் கேமராவை வாங்கி வந்திருந்தார்.

காரணம், மனைவி. கடல் தாண்டி ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை. போய் இரண்டு வருஷம் ஆகிறது, ஒப்பந்தம் முடிய இன்னும் பதினாலு மாசம். போன ஆண்டு விழா வீடியோவை அனுப்பியபோது அவள் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்.

"நம்ம பொண்ணு எதுன்னு நான் தேடிக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள திரைய மூடிட்டாங்க."

அவள் குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அதுதான் அவருக்கு முள்ளாகக் குத்தியது. பழைய கேமராவில் மேடை, சுவர், மின்விசிறி, முன்வரிசை வழுக்கைகள் எல்லாமே பளிச்சென்று ஒன்றுபோல் விழும். மிரர்லெஸ் அப்படியில்லை. முகத்தை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் மங்கலாக்கிவிடும். மகள் முகம் பெரிய திரையில் வருகிற மாதிரி வரும். மனைவி அதைக் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு பார்ப்பாள். இந்தக் கனவில்தான் வீடியோக்காரர் விழுந்தார்.

அவர் கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"அண்ணே, சூடாகுதா? பின்னால இருக்கிற சின்னத் திரைய மடக்கி மூடிடுங்க. சூடும் குறையும், பேட்டரியும் ரொம்ப நேரம் வரும்."

"மூடினா ஓடுதா இல்லையான்னு எப்படிப்பா தெரியும்?"

"நீங்க அழுத்தினா ஓடும், அழுத்தினா நிக்கும். இதுல என்ன இருக்கு? ஆங், ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். இது பழைய மாடல். அரை மணி ஆனா தானா நின்னுடும். அதுக்கு முன்னாடி நீங்களே நிறுத்திட்டு மறுபடி ஆரம்பிச்சிடுங்க."

"இத வாங்கும்போது சொல்லலியே?"

"நீங்க கேக்கலியே அண்ணே."

வீடியோக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு, போனில் இருபத்தொன்பது நிமிஷத்துக்கு அலாரம் வைத்தார். திரையை மூடினார். குரல் சரியாக விழவில்லை என்று கேமராவின் தலையில் ஒரு மைக்கையும் செருகினார். இனி என்ன கோளாறு வந்துவிடும் என்று நினைத்தார். வந்தது.

மாலையில் நாடகம் தொடங்கியது. கேமராவின் பொத்தானையும் போனின் அலாரத்தையும் ஒன்றாக அழுத்தினார். முதல் பாதியில் மகள் கிடையாது, கடற்கொள்ளையர்கள் மட்டும்தான். ஐந்தாவது நிமிஷத்தில் ஒரு டீச்சர் குனிந்தபடியே ஓடி வந்தார்.

"சார், போனை சைலன்ட்ல போடுங்க. பிள்ளைங்க வசனம் மறந்துடுவாங்க."

போட்டார். அலாரமும் சேர்ந்து ஊமையானது. எதற்கோ கடிகாரத்தைப் பார்த்தபோது முப்பத்தொரு நிமிஷம் ஆகியிருந்தது. சட்டென்று ஒரு தடவை அழுத்தி நிறுத்தினார். மறுபடி அழுத்தி ஆரம்பித்தார். அப்பாடா என்று மூச்சு விட்டார்.

இடைவேளை விட்டதும் அழுத்தி நிறுத்தினார். கேமராவுக்கு முன்பக்கம் வந்து, சட்டை நுனியால் லென்ஸைத் துடைத்தார். நிகழ்ச்சி நிரல் தாளை மடித்து அதற்கு விசிறினார். சுற்றிலும் யாரும் இல்லை, எல்லாரும் தேநீர் குடிக்கப் போயிருந்தார்கள். அவருக்கு அழுகை வரும்போல இருந்தது.

"இந்தா பாரு," என்றார் கேமராவிடம். "அடுத்த இருபது நிமிஷம் மட்டும் சூடாகாம இரு. பொண்ணு கேப்டனா வந்து பேசப் போறா. அவங்கம்மா இத பாக்கணும். எனக்கு அவகிட்ட பேசத் தெரியலடா. போன எடுத்தா காஸ் தீர்ந்துபோச்சு, மழை பேஞ்சுதுன்னு சொல்லிட்டு வெச்சிடறேன். நீ இல்லாம வீடே பிடிக்கலன்னு சொல்ல வாய் வரைக்கும் வருது. சொன்னா அங்க தனியா உக்காந்து அழுவா. அதான் சொல்றதில்ல. நீயாவது அவளுக்கு நல்லதா ஒண்ணு காட்டு."

பிறகு லென்ஸ் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துத் தலையைக் கையால் கோதிக்கொண்டார். மூக்கைத் துடைத்துக்கொண்டார். மணி அடித்தது. பின்பக்கம் போய் அழுத்தி ஆரம்பித்தார்.

கேப்டன் வந்தாள். புயலைப் பார்த்துக் கைநீட்டி முழங்கினாள். ஒரு வார்த்தைகூடத் தடுமாறவில்லை. கூடத்தில் கைதட்டல் அடங்க நேரமாயிற்று. வீடியோக்காரர் கண்ணைத் துடைத்தபடி அழுத்தி நிறுத்திவிட்டு முன்னால் வர, மகள் தொப்பியோடு ஓடி வந்து அவர் மேல் விழுந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கார்டைக் கணினியில் செருகி, முதல் பாதியை விட்டுவிட்டு, மற்ற இரண்டு பெரிய பதிவுகளையும் மனைவிக்கு அனுப்பிவிட்டார். பார்க்காமல் எதையும் யாருக்கும் கொடுக்காத மனிதர், அன்று ஆசையில் அறிவை இழந்தார். கூடவே ஒரு செய்தியும் போட்டார்: "இந்தத் தடவை தேட வேண்டாம். முகம் நல்லாத் தெரியும்."

மறுநாள் காலை மகள் பள்ளிக்குப் போன பிறகு, தானும் ஒரு தடவை பார்க்கலாமென்று உட்கார்ந்தார்.

முதலில் ஒரு பெரிய மூக்கு வந்தது. அவருடைய மூக்கு.

மூடிய திரைக்குள் நடந்தது அப்போதுதான் புரிந்தது. முப்பதாவது நிமிஷத்திலேயே கேமரா சொல்லிக்கொள்ளாமல் நின்றிருக்கிறது. பழைய கேமராக்காரருக்கு அது உறைக்கவேயில்லை. நின்றதை அவர் மறுபடி நிறுத்தப்போய், அதிலிருந்து அவர் நிறுத்தியபோதெல்லாம் அது ஓடியிருக்கிறது, ஓடவிட்டபோதெல்லாம் நின்றிருக்கிறது. கேப்டன் வசனத்தில் ஒரு எழுத்துகூட இல்லை. இடைவேளை முழுசாக இருந்தது. கேமரா விளம்பரத்தில் சொன்னபடியே முகத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, பின்னால் இருந்த நாற்காலிகளை அழகாக மங்கலாக்கியிருந்தது. புது மைக் அவர் மூக்கை உறிஞ்சியதைக்கூட விடவில்லை. அடுத்த பதிவில் அவரும் மகளும் கட்டிக்கொண்டு நின்றார்கள், அதிலும் மகளின் முதுகுதான் தெரிந்தது.

"ஐயையோ," என்றார் வீடியோக்காரர் காலி வீட்டைப் பார்த்து. இரண்டு வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்ததெல்லாம் கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்துவிட்டது. அவள் காத்திருந்த ஒன்று மட்டும் போகவில்லை.

மனைவிக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி போட்டார், அப்போதும் எடுக்கவில்லை. அவளோடு அறையில் தங்கியிருக்கும் பெண்ணின் எண்ணுக்குப் போட, அவள் எடுத்தாள்.

"சொல்லுங்கண்ணா. அக்கா இப்ப பேச மாட்டாங்க."

"கோவமா இருக்காளாம்மா?"

"பேசற நிலமையில இல்லண்ணா. அழுதுட்டிருக்காங்க."

வீடியோக்காரர் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். "அம்மா, அவகிட்ட சொல்லு. எல்லாம் தலைகீழாப் பதிவாயிடுச்சு. எனக்கு இந்தக் கேமரா பிடிபடல. பொண்ணு பேசினது ஒண்ணுமே விழல. அந்த வீடியோவ அவ தயவுசெஞ்சு பாக்க வேணாம், அழிச்சிடச் சொல்லு."

"அழிக்கவா? நல்லாச் சொன்னீங்கண்ணா! பொண்ணு பேசினத டீச்சரம்மா நேத்தே போன்ல எடுத்து அனுப்பிட்டாங்க, அத ரெண்டு தடவ பாத்தாங்க. இது விடியற்காலையிலேர்ந்து ஒன்பதாவது தடவ ஓடுது, 'ரெண்டு வருஷமா ஊரையே எடுத்து அனுப்பின மனுஷன், இப்பத்தான் ஒரு தடவ என்னப் பாத்துப் பேசியிருக்காரு'ன்னு சொல்லிட்டு, போன எங்க கையில தர மாட்டேங்கறாங்க!"