பெண் பார்க்கப் போன பித்தளைக் குழாய்

புதிதாக ஒரு பொருளை வாங்கிய ஆணால் அதைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. பெண் பார்க்கப் போன இடத்தில்கூட முடியாது.

இரண்டாயிரத்துப் பத்துகளின் நடுப்பகுதி. நான் இத்தாலியில், பலேர்மோ நகரின் ஓரத்தில் இருக்கும் ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரையில் ஒரு உணவகத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். சிகரெட்டை விடுவதற்காக ஒரு வேப், அதாவது மின்சிகரெட், வாங்கியிருந்தேன். டோர்ச் லைட் போலத் தடித்த பித்தளைக் குழாய். உள்ளே பற்றரி, மேலே ஆவியாக்கும் கம்பிச்சுருள், அடியில் ஒரு பொத்தான். அதன்மேல் எனக்குக் காதல் (பெண்ணை அதுவரை பார்த்திருக்கவில்லை).

நகருக்குள் இருந்த பெண் வீட்டில், ரெஜினாவின் வீட்டில், என்னைச் சோபாவில் இருத்தினார்கள். அவளுடைய அப்பா துறைமுகத்தில் வேலை செய்பவர், விடாமல் சிகரெட் பிடிப்பவர். என் கையில் மின்னியதைக் கண்டார்.

"தம்பி, உதென்ன?"

அதன்பிறகு என்னை யாராலும் நிறுத்த முடியவில்லை. வயர் இல்லை, திரை இல்லை, பழுதாவதற்கே உள்ளே ஒன்றும் இல்லை, பற்றரியின் முழு வலுவும் நேரே சுருளுக்குப் போகும் என்று அடுக்கினேன். செய்தும் காட்டினேன். ஸ்ட்ரோபெரி வாசத்தோடு எழும்பிய மேகத்தில் சுவரில் இருந்த மாதா படம் மறைந்தது. அப்பா வாயைப் பிளந்தார்.

தேநீரோடு வந்த ரெஜினா அந்த மேகத்துக்குள் நின்று கேட்டாள்.

"இதை ஓஃப் பண்ணுற சுவிட்ச் எங்கை?"

"அது இல்லை. அமத்தினால் வேலை செய்யும், விட்டால் நிண்டிடும்."

"பொக்கற்றுக்குள்ள தானா அமத்துப்பட்டால்? கூடச் சூடானால் தடுக்க ஒண்டும் இல்லையோ?"

"அதுதானே இதின்ரை சிறப்பு" என்றேன் (கேள்வி விளங்கவேயில்லை).

குழாயைக் காற்சட்டைப் பைக்குள், வீட்டுச் சாவிக்கொத்தோடு வைத்துக்கொண்டு சாய்ந்து இருந்தேன். கொஞ்ச நேரத்தில் தொடை இதமாகச் சூடேறியது. பெண்ணைப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு கருகல் மணம். அவளுடைய அம்மா அடுப்பைப் பார்க்க எழுந்தார். அடுப்பு என் பைக்குள் இருந்தது.

"ஒருத்தரும் கிட்ட வராதேங்கோ" என்று கத்தியபடி காற்சட்டையைக் கழற்றி நிலத்தில் எறிந்தேன். ரெஜினா குசினி இடுக்கியால் அதை அப்படியே தூக்கிப்போய் பால்கனியில் போட்டுக் கண்ணாடிக் கதவைச் சாத்தினாள். டப் என்று ஒரு வெடி. குழாயின் மூடி பறந்தது, காற்சட்டை தீப்பற்றியது. எதிர்ப் பால்கனியில் நின்ற இத்தாலிய அம்மா சிலுவை போட்டுக்கொண்டார், தீயைக் கண்டா என்னைக் கண்டா தெரியவில்லை. நான் கழுத்தில் டையோடும் கீழே உள்ளாடையோடும் நின்றேன்.

ரெஜினாவின் அப்பா உள்ளே போய்த் தன் சாரம் ஒன்றை எடுத்து வந்து நீட்டினார்.

"உடுத்துங்கோ தம்பி. சாப்பிட்டிட்டு ஆறுதலாக் கதைப்பம்."

டையும் சாரமுமாக பஸ்ஸில் திரும்பினேன். தொடையில் ஒரு கொப்புளம், மனத்தில் முழுத் தோல்வி. இனி அந்த வீதிப்பக்கமே போவதில்லை என்று முடிவெடுத்திருந்தபோது ரெஜினா போன் எடுத்தாள்.

"நெருப்புக்குள்ள நிண்டும் எங்களைத் தள்ளி நிக்கச் சொன்னீங்கள். எனக்கு ஓம். ஆனால் இனிமேல் சாமான் வாங்கேக்கை என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ."

கலியாணமாகி இத்தனை வருடம். இன்றும் வீட்டுக்குப் புது ஆட்கள் யார் வந்தாலும் மாமா என்னைக் காட்டி அறிமுகம் செய்வது ஒரே மாதிரித்தான்.

"மற்ற மாப்பிளையள் சீதனம் வாங்கிக்கொண்டு போவினம். எங்கடை ஆள் காற்சட்டையைக் குடுத்திட்டுப் போனவர்."